பள்ளியில் வில்லும் அம்பும்: ஆயுதப் பயிற்சிக்கு அமெரிக்கச் சட்டம் வைக்கும் எல்லை எது?

2023ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்கப் பள்ளிகளில் வில்வித்தையை அரசு தடை செய்துவிட்டது என்ற செய்தி பரவியது. அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் பலர் அதை அப்படியே நம்பினார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், ஆயுதத்தைப் பற்றிய எந்த அறிவையும் வகுப்பறையில் சொல்லித்தரக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாகவே பேசினார்கள். ஆசிரியர் கையில் துப்பாக்கி கொடுக்கலாம், மாணவர் கையில் வில் கொடுக்கக் கூடாதா என்ற கேலியும் கூடவே கிளம்பியது.

இந்தப் பேச்சுகள் எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் வெவ்வேறு வகைச் சட்டங்களை ஒரே சட்டமாகக் குழப்பிக்கொண்டதால்தான் இவை பிறந்தன. ஒரு சட்டம் பணத்தைப் பற்றியது, இன்னொன்று பொருளையும் இடத்தையும் பற்றியது, மற்றொன்று மனத்தில் உள்ள எண்ணத்தைப் பற்றியது. இவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சிக்கலானதல்ல.

பாடத்தைத் தீர்மானிப்பது யார்?

முதலில் ஓர் அடிப்படை. அமெரிக்காவில் பள்ளிக்கல்வி மாநிலங்களின் பொறுப்பு. மாநிலத்துக்குள்ளும் ‘பள்ளி மாவட்டம்’ எனப்படும் உள்ளூர் நிர்வாக அமைப்பே பள்ளிகளை நடத்துகிறது. வாஷிங்டனில் உள்ள நடுவண் அரசு பள்ளிகளுக்குச் செலவாகும் மொத்தப் பணத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத்தான் தருகிறது. அதோடு, எந்தப் பாடத்தைக் கற்பிக்க வேண்டும், எதைக் கற்பிக்கக் கூடாது என்று நடுவண் அரசு பள்ளிகளுக்குக் கட்டளையிடக் கூடாது என்பதை நடுவண் சட்டமே சொல்கிறது.

அப்படியானால் வில்வித்தை விஷயத்தில் வாஷிங்டன் எப்படித் தலையிட்டது? பணத்தின் வழியாக.

வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் பேரனுக்குத் தாத்தா மாதாமாதம் பணம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘நான் அனுப்பும் பணத்தில் பட்டாசு வாங்கக் கூடாது’ என்று அவர் கடிதத்தில் எழுதுகிறார். பேரன் பகுதிநேர வேலை பார்த்துச் சம்பாதித்த காசில் பட்டாசு வாங்கினால் தாத்தாவின் நிபந்தனை மீறப்படவில்லை. அவர் பேரனுடைய தீபாவளியைத் தடை செய்யவில்லை. தம்முடைய பணம் பட்டாசாக மாறுவதைத்தான் தடுத்தார். ஆனால் பேரனுக்கு வேறு வருமானமே இல்லையென்றால், அந்த நிபந்தனை நடைமுறையில் தடையாகவே ஆகிவிடும்.

இதற்கு ‘நிதி நிபந்தனை’ என்று பெயர்: ஓர் அரசு தான் கொடுக்கும் பணத்தை எதற்குச் செலவிடலாம், எதற்குச் செலவிடக் கூடாது என்று விதிப்பது. அதை மீறிய பள்ளி மானியத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். ஆசிரியரோ மாணவரோ சிறைக்குப் போவதில்லை.

ஏழாவது உட்பிரிவு

நடுவண் அரசு பள்ளிகளுக்கு மானியம் தருவது பெரும்பாலும் 1965இல் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் காலத்தில் வந்த ‘தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்ட’த்தின் கீழ்தான். பலமுறை திருத்தப்பட்ட அந்தச் சட்டத்தின் 8526ஆம் பிரிவு, இந்த மானியத்தை எவற்றுக்கெல்லாம் செலவிடக் கூடாது என்று பட்டியலிடுகிறது. பள்ளி வளாகத்தில் ஆபாசப் பொருள்களை விநியோகிப்பது, கருத்தடைச் சாதனங்களை வழங்குவது போன்றவை அதில் ஏற்கெனவே இருந்தன. ஆயுதம் என்ற பேச்சு அதில் இல்லை.

அந்த மௌனம் 2018இல் பிரச்சினையானது. பிப்ரவரியில் புளோரிடாவின் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, இந்த மானியப் பணத்தில் ஆசிரியர்களுக்குத் துப்பாக்கி வாங்கலாமா என்ற கேள்வி எழுந்தது. அப்போது கல்வி அமைச்சராக இருந்த பெட்சி டிவோஸ், அதை முடிவுசெய்யும் அதிகாரத்தை நாடாளுமன்றமான காங்கிரஸ் தமக்குக் கொடுக்கவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். ‘ஆகட்டும்’ என்றும் சொல்லவில்லை, ‘கூடாது’ என்றும் சொல்லவில்லை.

2022 மே 24 அன்று டெக்சஸ் மாநிலத்தின் யுவால்டி நகரில் ஒரு தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டார்கள். அதன் அதிர்ச்சியில், துப்பாக்கி விஷயத்தில் பெரும்பாலும் ஒத்துப்போகாத இரு கட்சிகளும் சேர்ந்து ‘இருகட்சிப் பாதுகாப்பான சமூகங்கள் சட்ட’த்தை நிறைவேற்றின. ஜூன் 25 அன்று ஜோ பைடன் அதில் கையெழுத்திட்டார். யுவால்டிக்கும் கையெழுத்துக்கும் இடையே ஒரு மாதமும் ஒரு நாளும்தான். பல நூறு கோடி டாலர்கள் தொடர்பான அந்தச் சட்டத்தின் உள்ளே, 8526ஆம் பிரிவின் பட்டியலில் ஏழாவது உட்பிரிவைச் சேர்க்கும் ஒரு சிறிய வாக்கியமும் இருந்தது. யாருக்கும் ‘அபாயகரமான ஆயுதம்’ வழங்குவதற்கோ அதைப் பயன்படுத்தப் பயிற்சி அளிப்பதற்கோ இந்த மானியத்தைச் செலவிடக் கூடாது என்பதே அதன் சாரம்.

2018இல் திறந்து கிடந்த கதவை மூடுவதுதான், அதாவது ஆசிரியர்களை ஆயுதபாணியாக்க இந்தப் பணம் போகாமல் தடுப்பதுதான் இதன் நோக்கம் என்று பரவலாகப் புரிந்துகொள்ளப்பட்டது. ஆனால் வாக்கியத்தில் ‘ஆசிரியர்’ என்ற சொல் இல்லை. ‘யாருக்கும்’ என்றுதான் இருந்தது. ‘யாருக்கும்’ என்றால் மாணவருக்கும்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: 2022ஆம் ஆண்டுச் சட்டம் எந்தப் பாடத்தையும் தடை செய்யவில்லை, ஒரு குறிப்பிட்ட மானியத்துக்கு ஒரு புதிய நிபந்தனையை விதித்தது. அந்த நிபந்தனை எவ்வளவு தூரம் நீளும் என்பது ‘அபாயகரமான ஆயுதம்’ என்ற தொடருக்கு என்ன பொருள் என்பதைப் பொறுத்தது.

இரவல் வாங்கிய வரையறை

ஒரு சொல்லுக்கு இந்தச் சட்டத்தில் இதுதான் பொருள் என்று சட்டமே வகுத்துச் சொல்வதை ‘வரையறை’ என்கிறோம். புதிதாக வரையறை எழுதுவது கடினமான வேலை. அதனால் சட்டம் எழுதுவோர் வேறொரு சட்டத்தில் உள்ள வரையறையைச் சுட்டிக்காட்டி, ‘அங்கே சொன்ன பொருளே இங்கும்’ என்று முடித்துக்கொள்வது வழக்கம். இங்கும் அதுதான் நடந்தது. ‘அபாயகரமான ஆயுதம்’ என்பதற்குக் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 930ஆம் பிரிவில் உள்ள பொருளை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்த 930ஆம் பிரிவு பள்ளிக்காக எழுதப்பட்டதல்ல. நடுவண் அரசு அலுவலகக் கட்டடங்களுக்குள் ஆயுதம் கொண்டுபோவதைத் தடுக்க எழுதப்பட்டது. கட்டட வாசலில் நிற்கும் காவலருக்கு உதவ வேண்டிய வரையறை என்பதால், வேண்டுமென்றே அகலமாக எழுதியிருந்தார்கள்: உயிரிழப்பையோ கடுமையான உடற்காயத்தையோ எளிதில் உண்டாக்கக்கூடிய ஆயுதம், சாதனம், கருவி, பொருள் ஆகிய எல்லாமே, உயிருள்ளதாக இருந்தாலும் உயிரற்றதாக இருந்தாலும், அபாயகரமான ஆயுதம்தான். (உயிருள்ள ஆயுதம் எது என்று கேட்பவர்கள் வெறிகொண்ட நாயை நினைத்துக்கொள்ளலாம்.) இரண்டரை அங்குலத்துக்குக் குறைவான அலகுள்ள மடக்குக் கத்திக்கு மட்டும் அந்த வரையறை விலக்கு அளித்தது.

அகலமான இந்த வலையைக் கட்டட வாசலிலிருந்து பள்ளிக்குக் கொண்டுவந்து விரித்தால் என்னென்ன அகப்படும்? வேட்டைத் துப்பாக்கி அகப்படும். வில்லும் அம்பும் அகப்படும். சமையல் வகுப்பில் காய்கறி நறுக்கும் கத்தியும் அகப்படும். எந்தச் சமையலறைக் கத்தியும் இரண்டரை அங்குல மடக்குக் கத்தி அல்லவே. ‘பட்டாசு வாங்காதே’ என்று எழுத நினைத்த தாத்தா, அவசரத்தில் ‘தீப்பற்றக்கூடிய எதையும் வாங்காதே’ என்று எழுதிவிட்டால், பேரன் சாமி படத்துக்கு ஏற்றக் கற்பூரம்கூட வாங்க முடியாது. தாத்தாவின் மனம் என்ன என்று பேரனுக்குத் தெரியும். ஆனால் கணக்கு பார்க்கும் தணிக்கையாளருக்குக் கடிதத்தில் உள்ள வாசகம் மட்டுமே தெரியும்.

மிகெல் கார்டோனா தலைமையில் இருந்த கல்வித்துறை, 2023இல் அந்தத் தணிக்கையாளரின் இடத்தில் நின்றது. வில்வித்தைக்கும், வேட்டையாடுவோர் ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளக் கற்பிக்கும் ‘வேட்டைப் பாதுகாப்புக் கல்வி’க்கும் இந்த மானியத்தைப் பயன்படுத்த முடியாது என்று அது விளக்கம் தந்தது. சட்டத்தை இயற்றியவர்களுள் முக்கியமானவரான செனட்டர் ஜான் கார்னின், சக செனட்டர் தாம் டில்லிஸோடு சேர்ந்து, இது தாங்கள் நினைத்ததே அல்ல என்று கார்டோனாவுக்குக் கடிதம் எழுதினார். கல்வித்துறை வேண்டுமென்றே வம்பு செய்தது என்று சிலரும், சட்டம் எழுதியவர்கள் தங்கள் கவனக்குறைவுக்கு அதிகாரிகளைப் பழிக்கிறார்கள் என்று வேறு சிலரும் வாதிட்டார்கள். வாசகத்தைப் படித்துப் பார்த்த வரையில் இரண்டாம் தரப்பின் பக்கமே நான் சாய்கிறேன். எழுதிய சொற்களை அவற்றின் நேர்ப்பொருளில் படித்ததுதான் துறை செய்த குற்றம்.

பின்னால் விட்டுவந்த விதிவிலக்கு

இதில் அதிகம் பேசப்படாத, ஆனால் புதிதாகச் சட்டம் படிப்பவர் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. 930ஆம் பிரிவில் வரையறை மட்டும் இருக்கவில்லை. அதே பிரிவில், வேட்டைக்காகவோ சட்டத்துக்குட்பட்ட வேறு காரியத்துக்காகவோ ஆயுதத்தை முறைப்படி எடுத்துச் செல்பவருக்கு இந்தத் தடை பொருந்தாது என்ற விதிவிலக்கும் இருந்தது. ‘விதிவிலக்கு’ என்பது ஒரு விதியின் அகலத்தைச் சமன்செய்ய, அதன் பிடியிலிருந்து சிலவற்றை விடுவிக்கும் வாசகம். அங்கே வரையறையும் விதிவிலக்கும் சேர்ந்து இயங்கின; அகலமாகப் பிடித்து, நியாயமானவரை விட்டுவிடுவது அதன் முறை. 2022இல் வரையறையை மட்டும் பெயர்த்தெடுத்து வந்தார்கள். விதிவிலக்கு பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது.

பள்ளிகளைப் பற்றிய பழைய ஆயுதச் சட்டங்கள் இந்தத் தவறைச் செய்யவில்லை. இங்கேதான் பொருளையும் இடத்தையும் பற்றிய இரண்டாவது வகைச் சட்டங்கள் வருகின்றன. 1990இல் வந்த ‘துப்பாக்கியற்ற பள்ளி வளாகச் சட்டம்’, பள்ளியிலிருந்து 1,000 அடி தொலைவுக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. 1995இல் லோபஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இது நடுவண் அரசின் அதிகார எல்லைக்குள் வராது என்று 5-4 என்ற கணக்கில் அதைச் செல்லாததாக்கியது. மறு ஆண்டே காங்கிரஸ், நடுவண் அரசுக்கு அதிகாரமுள்ள, மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தில் புழங்கிய துப்பாக்கிகள் என்று வாசகத்தைத் திருத்தி மீண்டும் நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தில், பள்ளி ஒப்புதல் அளித்த நிகழ்ச்சிக்காகத் துப்பாக்கியைப் பயன்படுத்துவது குற்றமாகாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. துப்பாக்கி கொண்டுவரும் மாணவரைக் குறைந்தது ஓராண்டு பள்ளியிலிருந்து நீக்க வேண்டும் என்று சொல்லும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்திலும், பள்ளி மாவட்டம் தக்க பாதுகாப்போடு அனுமதித்த செயல்பாடுகளுக்கு விலக்கு உண்டு.

930ஆம் பிரிவு, 1990, 1994 சட்டங்கள் ஆகிய மூன்றிலும் விலக்கு இருந்தது, நான்காவதான 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாமல் போனது. ஒரு மாதத்தில் எழுதி முடித்த சட்டத்தில் இப்படி நேர்வது வியப்பில்லை.

அந்த வகுப்பில் உண்மையில் என்ன நடக்கிறது?

பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட வகுப்புகளில் முதன்மையானது 2002இல் கெண்டக்கி மாநிலத்தில் தொடங்கி நாடெங்கும் பரவிய ‘பள்ளிகளில் தேசிய வில்வித்தைத் திட்டம்’. உடற்பயிற்சி வகுப்பின் ஒரு பகுதியாக, பெரும்பாலும் பள்ளியின் உள்ளரங்கிலேயே இது நடக்கிறது. எல்லா மாணவருக்கும் ஒரே வகை வில். அதன் இழுவிசை 10 முதல் 20 பவுண்டு வரை மட்டுமே.

எல்லாம் ஆசிரியரின் ஊதலுக்குக் கட்டுப்பட்டவை. இரண்டு முறை ஊதினால் வில்லை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு வரலாம். ஒருமுறை ஊதினால் எய்யலாம். மூன்று முறை ஊதினால், எல்லோரும் எய்து முடித்து வில்லை வைத்த பிறகு, நடந்து போய் அம்புகளை எடுத்துவரலாம். ஐந்தோ அதற்கு மேலோ ஊதினால் எவரும் எய்யக் கூடாது. நாணில் பூட்டிய அம்பையும் கழற்றிவிட வேண்டும். எய்வதைவிட எய்யாமல் காத்து நிற்பதையே அதிக நேரம் கற்கிறார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

2023இலும் இந்த வகுப்பை நடத்துவது எங்கும் குற்றமாகவில்லை. மாநிலப் பணத்திலோ நன்கொடையிலோ நடத்திய பள்ளிகளை அந்த நிபந்தனை தொடவே இல்லை. வேட்டைப் பாதுகாப்புக் கல்விக்கு வேறொரு தனி வருவாயே உண்டு: 1937ஆம் ஆண்டின் பிட்மேன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா, வில்வித்தைக் கருவிகள் மீது விதிக்கும் வரி, வனவிலங்குத் துறை வழியாக மாநிலங்களுக்குப் போகிறது. இளம் மாணவர் படைப் பயிற்சிக்குப் பணம் தருவது பாதுகாப்புத் துறை. இவை வேறு தாத்தாக்களின் பணம். கல்வி மானியத்தை நம்பியிருந்த பள்ளிகளும், எதற்கு வம்பு என்று அஞ்சிய நிர்வாகிகளும்தான் தவித்தார்கள். நிதி நிபந்தனையின் மறைவான ஆற்றல் இந்த அச்சத்தில் இருக்கிறது. அது சட்டம் எட்டும் தூரத்துக்கு அப்பாலும் எட்டும்.

திருத்தம் விரைவாகவே வந்தது. 2023 செப்டம்பர் 26 அன்று பிரதிநிதிகள் அவை 424-1 என்ற வாக்கில் அதை நிறைவேற்றியது. மறுநாள் செனட் ஏகமனதாக ஏற்றது. அக்டோபர் 6 அன்று பைடன் கையெழுத்திட்டார். வில்வித்தை, வேட்டை, பிற குறிசுடும் விளையாட்டுகள், சமையற்கலை போன்ற, மாணவரின் திறனை வளர்க்கும் செயல்பாடுகளுக்கு ஏழாவது உட்பிரிவு பொருந்தாது என்று இப்போது எழுதியிருக்கிறார்கள். துப்பாக்கிக்குப் பக்கத்தில் சமையற்கலை ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று அந்த வாசகத்தைப் புதிதாகப் படிப்பவர் திகைக்கக்கூடும், கத்திதான் காரணம்.

ஆகவே, மாணவருக்கான விளையாட்டுப் பயிற்சிக்கு அந்த மானியத்தைச் செலவிடலாம். ஆசிரியரை ஆயுதபாணியாக்க இன்றும் செலவிட முடியாது. மாநிலங்கள் தங்கள் சொந்தப் பணத்தில் அதைச் செய்வது வேறு விஷயம். ஒஹாயோ மாநிலம் 2022இல், ஆயுதம் ஏந்த விரும்பும் பள்ளி ஊழியருக்கான கட்டாயப் பயிற்சியை 700 மணி நேரத்துக்கும் மேலிருந்து 24 மணி நேரத்துக்குள் சுருக்கியது.

அறிவையே தடுக்கும் சட்டம் உண்டா?

மேலே சொன்னவற்றில் எதுவும் ‘இதை அறிந்துகொள்ளக் கூடாது’ என்று சொல்லவில்லை. கற்பிப்பதையே குற்றமாக்கும் மூன்றாவது வகைச் சட்டம் ஒன்று உண்டு. அது பள்ளிக்கென்று வந்ததல்ல, எல்லோருக்கும் பொதுவானது.

1995இல் ஒக்லஹோமா நகர அரசுக் கட்டடம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்ட பிறகு, குண்டு செய்யும் முறையைப் பரப்புவதைத் தடுக்க வேண்டும் என்று செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் தொடர்ந்து வலியுறுத்தினார். இதை ஆராய்ந்த நீதித்துறை 1997இல் கொடுத்த அறிக்கை, இத்தகைய தகவல்கள் நூலகங்களிலும் புத்தகக் கடைகளிலும் ஏற்கெனவே கிடைக்கின்றன என்பதை ஒப்புக்கொண்டது. 1999 ஏப்ரலில் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரு மாணவர்கள் துப்பாக்கிகளோடு தாங்களே செய்த குண்டுகளையும் கொண்டுவந்து தாக்கிய பிறகு, அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது. அதிகபட்சத் தண்டனை 20 ஆண்டுகள்.

ஆனால் வெடிபொருளைப் பற்றிக் கற்பித்தாலே குற்றம் என்று அது சொல்லவில்லை. கற்பித்தது வன்முறைக் குற்றத்துக்குப் பயன்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு கற்பிக்க வேண்டும். அல்லது, கற்றுக்கொள்ளும் அந்த ஆள் அதை அப்படிப் பயன்படுத்தப் போகிறார் என்று தெரிந்தே கற்பிக்க வேண்டும். இந்த எண்ணத்துக்கும் அறிதலுக்கும்தான் சட்டத்தில் ‘உள்நோக்கம்’ என்று பெயர். அது இல்லையேல் குற்றமும் இல்லை. ஆகையால், சில வேதிப்பொருள்கள் ஏன் வெப்பத்தை உமிழ்ந்து திடீரென விரிவடைகின்றன என்று விளக்கும் வேதியியல் ஆசிரியரும், அணுக்கருப் பிளவைக் கரும்பலகையில் வரைந்து காட்டும் இயற்பியல் ஆசிரியரும் இந்தச் சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு மாணவன் தனியே வந்து, இன்னாரைப் பழிவாங்கப் போகிறேன் என்று சொல்லி வழி கேட்டு, ஆசிரியரும் அதைத் தெரிந்தே சொல்லிக்கொடுத்தால் நிலைமை தலைகீழாகும். பாடம் அதுவேயாக இருந்தாலும்.

ஏன் இவ்வளவு குறுகலாக எழுதினார்கள் என்றால், பேச்சுரிமையைக் காக்கும் அரசமைப்பின் முதல் திருத்தம் அதற்கு மேல் இடம் கொடுக்காது என்பதால். 1969இல் பிராண்டன்பர்க் வழக்கில், உடனடியான சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும் அது நடந்துவிடும் வாய்ப்பும் சேர்ந்திருந்தால்தான் வன்முறைக்கு ஆதரவான பேச்சைத் தண்டிக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

மாநிலமே பாடத்தை எழுதும்போது

பாடத்தின் உள்ளடக்கத்துக்கே எல்லை போடும் அதிகாரம் மாநிலங்களிடம் இருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னேன். டென்னசி மாநிலம் 2024இல் அந்த அதிகாரத்தை எதிர்த்திசையில் பயன்படுத்தி, துப்பாக்கிப் பாதுகாப்பைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கியது. அடுத்த ஆண்டு ஆர்கன்சாவும் யூட்டாவும் இதே வழியில் சட்டம் இயற்றின. தடை செய்யும் சட்டங்களையே பேசிப் பழகியவர்களுக்கு இது புதிராகத் தோன்றலாம். ஆனால் கற்பிக்கச் சொல்லும் டென்னசிச் சட்டத்துக்குள்ளேயே மிகக் கறாரான எல்லைகள் இருக்கின்றன: வகுப்புக்குள் உண்மையான துப்பாக்கி வரக் கூடாது, தோட்டா வரக் கூடாது, சுட்டுக்காட்டக் கூடாது, துப்பாக்கி உரிமை குறித்த அரசியலில் ஆசிரியர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. குழந்தைகளின் வயதுக்கேற்பச் சொல்லித்தர வேண்டியது, துப்பாக்கியை எப்படிப் பாதுகாப்பாக வைப்பது என்பதும், எங்காவது கிடக்கும் துப்பாக்கியைக் கண்டால் தொடாமல் உடனே பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்பதும்தான்.